கம்பெனி லாரியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் சம்பளமும் பயிற்சியும்: மைலேஜ் பிடித்தம் எந்த அளவுக்கு நியாயம்?

ராசிபுரத்துப் புதியவர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. கார் உரிமம் எடுத்து இரண்டு ஆண்டுகள் ஆக்டிங் டிரைவராக ஓடினேன். பிறகு ஓட்டுநர் பள்ளி வழியாகக் கனரக வாகன உரிமம் பெற்று, நான்கு மாதங்களுக்கு முன்பு நாமக்கல் பக்கத்தில் நாற்பது வண்டிகளுக்கு மேல் ஓட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு சக்கர வண்டி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மும்பையில் இறக்கிவிட்டு, திரும்பும்போது புனேக்கு அருகில் சாக்கனில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருவேன். ஒரு நடைக்கு ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் ஆகிறது.

சேர்ந்தபோது முதல் பன்னிரண்டு நாட்கள் பயிற்சி என்றும், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் நாளொன்றுக்கு 200 ரூபாய் தரப்படும் என்றும் சொன்னார்கள். பயிற்சி முடிந்தால் மாதம் 14,000 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் வண்டி ஓடும் நாட்களுக்கு 450 ரூபாய் படியும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் பயிற்சிச் செலவாக 50,000 ரூபாய் தருவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அசல் உரிமத்தையும் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

பயிற்சி என்பது ஒரு மூத்த ஓட்டுநருடன் ஒரே ஒரு நடை போய்வந்ததுதான். ஹூப்ளியைத் தாண்டிய நேரான சாலையில், இரவில், அவர் தூங்கும்போது மட்டும் வண்டி என் கைக்கு வந்தது. புனேயிலிருந்து மும்பைக்கு இறங்கும் கண்டாலா மலைச்சாலையிலும், சேலத்துக்கு முன்னால் வரும் தொப்பூர் இறக்கத்திலும் அவரே ஓட்டினார். இரண்டு இடத்திலும் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில்தான் இறக்கினார், அப்படி இறக்கினால்தான் மைலேஜ் கிடைக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

கம்பெனி கேட்பது லிட்டருக்கு 4 கிலோமீட்டர். போன நடையில் எனக்கு 3.7 தான் வந்தது. 600 லிட்டரில் முடிந்திருக்க வேண்டியது 648 லிட்டருக்கு மேல் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டு, 4,400 ரூபாயைப் படியில் கழித்துவிட்டார்கள். ஒன்பது நாள் நடைக்கு வந்த படியே 4,050 ரூபாய் என்பதால், மீதியை அடிப்படைச் சம்பளத்திலும் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப் பிடிப்பது முறைதானா? பன்னிரண்டு நாள் பயிற்சி இந்த வேலைக்குப் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் கிளீனர்

தம்பி, பணத்தைப் பிறகு பேசலாம். முதலில் தொப்பூரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த நடையில் நீங்கள் மறுபடியும் அந்த வழியாகத்தான் வருவீர்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது இரட்டைப் பாலத்துக்கு முன்னால் எத்தனை வண்டிகள் மோதிக் கிடந்திருக்கின்றன என்பது அந்தச் சாலையில் ஓடியவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த விபத்துகளைத் தொலைக்காட்சியிலேயே பார்த்தோம். கனரக வண்டிகள் குறைந்த கியரில் இறங்க வேண்டும் என்று காவல்துறை எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் நியூட்ரல் பழக்கம் நிற்கவில்லை. எந்த கியரில் ஏற முடியுமோ அந்த கியரிலேயே இறங்கு என்பதுதான் எங்களுக்குக் கற்பித்த பாடம். பாரம் இருபது டன்னுக்கு மேல் இருக்கும்போது நியூட்ரல் தட்டினால் வண்டியைத் தாங்குவதற்கு எஞ்சின் இல்லை. முழுப் பாரமும் பிரேக் டிரம்மின் மேல்தான் விழும். பாதி இறக்கத்திலேயே டிரம்மோடு உரசும் பிரேக் லைனிங் கருகுகிற வாடை வரும். அதற்குப் பிறகு பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

நான் 1989 இல் சங்ககிரியில் ஒரு லைன் லாரியில் கிளீனராக ஏறினேன். ஸ்டியரிங்கைத் தொட ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, ஓசையை வைத்தே எந்த டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்லக் கற்றிருந்தேன். காலையில் பிரேக்குக்குக் காற்றுத் தரும் ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பது, ஏர் ஏறும் வரை வண்டியை நகர்த்தாமல் இருப்பது, ஜவ்வரிசிக்குத் தார்ப்பாயை இரட்டையாக மடித்து முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கி இழுத்துக் கட்டுவது, வெங்காயத்துக்கு மட்டும் பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விடுவது எல்லாம் அந்த ஆறு ஆண்டுகளில் கைக்கு வந்தவை. வெங்காயத்தை மூடிக் கட்டினால் சேலம் வருவதற்குள் வியர்த்து அழுகிவிடும் என்று உங்கள் பயிற்சியில் யாராவது சொன்னார்களா?

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அடி வாங்கியிருக்கிறேன், மாதக்கணக்கில் சோற்றுக்கு மட்டும் உழைத்திருக்கிறேன். ஆனால் இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனரே கிடையாது. கிளீனருக்குக் கொடுத்த கூலி கம்பெனிக்கு மிச்சமாகிவிட்டது, கிளீனராக இருந்து கற்றுக்கொண்ட கல்விக்குப் பதிலாக எதுவும் வரவில்லை. அந்த ஆறு ஆண்டுகளின் இடத்தில்தான் உங்களுடைய பன்னிரண்டு நாட்கள் நிற்கின்றன.

மூன்று வண்டிக்காரர்

நான் சிறிய உரிமையாளன். என்னிடம் மூன்று வண்டிகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கம்பெனியைக் குறை சொல்லும் முன் எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

வரும் வாடகையில் பாதி டீசலுக்கே போய்விடுகிறது. டோல், டயர், இன்சூரன்ஸ், தவணை எல்லாம் போக மிஞ்சுவது மிகக் குறைவு. மைலேஜுக்குக் கணக்கு வைக்காத காலத்தில் தாபாக்களில் கேன் கேனாக டீசல் இறங்கியதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால்தான் இலக்கு வந்தது. அதுபோலவே ஒப்பந்தத் தாளும் வீம்புக்காக வாங்குவதில்லை. சென்ற ஆண்டு ஒரு பையனை ஒரு மாதம் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் பின்னால் இடித்த டெயில் லேம்ப் வரை என் கைக்காசில் மாற்றிக் கற்பித்தேன். மூன்றாவது மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஓசூருக்குப் போய்விட்டான். இப்படி நடக்கும்போது பயிற்சிக்குச் செலவு செய்ய எந்த உரிமையாளருக்கு மனம் வரும்?

இருந்தாலும் அசல் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அது ஓட்டுநரின் உடைமை.

பட்டறை

நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கனரக வண்டிகளைப் பழுது பார்க்கிறவன். நியூட்ரலைப் பற்றி முன்னாள் கிளீனர் அண்ணன் பாதுகாப்பின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். டீசலின் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழக்கம் கணக்கின்படி பார்த்தாலும் தவறானது.

பழைய பம்ப் எஞ்சின்களின் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை இது. இப்போது ஓடும் பிஎஸ் 6 (புகை அளவுக்கான புதிய விதி) வண்டிகளில் டீசல் எவ்வளவு போக வேண்டும் என்பதை மின்னணுக் கட்டுப்பாடு முடிவு செய்கிறது. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் கட்டுப்பாடு டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலுக்குப் போனால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக ஐடிலிங் டீசல் போய்க்கொண்டே இருக்கும். லேசான சரிவில், பிரேக்கைத் தொடாமல் நெடுந்தூரம் உருளவிட்டால் கொஞ்சம் மிச்சமாவதுபோல் தோன்றலாம். தொப்பூர் மாதிரியான இறக்கத்தில், வேகத்தை எப்படியும் பிரேக் போட்டுக் கொல்லத்தானே போகிறீர்கள்? அங்கே மிச்சமாகும் டீசல் எதுவும் இல்லை. லைனிங்கும் டிரம்மும் தேயும் செலவு மட்டும் கம்பெனியின் தலையில் விழும். எஞ்சின் புகை வெளியேறுவதைத் தடுத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் சுவிட்சைத் தொட்டே பார்க்காத ஓட்டுநர்களை வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். வண்டியோடு வந்த ஒரு வசதி அது. அது எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த 4 கிலோமீட்டர் இலக்கு எத்தனை டன் பாரத்துக்கு வைத்தது? 16 டன்னுக்கும் 24 டன்னுக்கும் ஒரே இலக்கு என்றால், அதை வைத்தவர் ஒருநாளும் வண்டியை ஏற்றத்தில் ஓட்டியிருக்க மாட்டார். ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹால்டிங்கில், அதாவது வண்டி காத்து நிற்கும்போது, எஞ்சினை ஓடவிட்ட நேரத்தையும் குறித்து வையுங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக வண்டிகளில் கேபின் ஏசி கட்டாயமாகிவிட்டது. கோடையில் லோடுக்குக் காத்திருக்கும்போது ஏசி போட்டால் அதுவும் அதே டீசலில்தான் ஓடும். பழைய இலக்கில் அதற்கு இடம் கிடையாது.

ஓட்டுநர் வீடு

என் கணவர் பதினோரு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். படியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தம்பி. கையில் வரும்போது படியும் சம்பளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கர்நூல் அருகே அவருக்குக் கால் முறிந்தபோதுதான் வேறுபாடு எங்களுக்குப் புரிந்தது. மாதம் 24,000 ரூபாய் வரை வீட்டுக்குக் கொண்டுவந்தவருக்கு, அவர் அப்போது வேலை பார்த்த இடத்துச் சம்பளச் சீட்டில் 9,000 ரூபாய்தான் இருந்தது. இழப்பீட்டுக்குக் கணக்குப் போட்டபோது அந்த 9,000 ரூபாயைத்தான் எடுத்துக்கொண்டார்கள், மீதி எல்லாம் வழிச்செலவு என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படியை வைத்துத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம். அது எப்படி வழிச்செலவாகும் என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

உங்களுக்கு இப்போது திருமணமாகாமல் இருக்கலாம். ஆனாலும் சேர்ந்த முதல் மாதத்திலேயே சீட்டைக் கேட்டு வாங்கி, வருங்கால வைப்பு நிதியில் எவ்வளவு போகிறது, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எண் வந்ததா என்று பாருங்கள். நாங்கள் எட்டு ஆண்டுகள் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

தொழிலாளர் வழக்குகள்

அக்கா சொன்னது இந்தத் தொழிலில் மிகப் பரவலாக நடப்பது. 2025 நவம்பர் வரை இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஊதியம் என்று கணக்கிடும்போது பயணப்படியும் வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவுக்காகத் தரும் தொகையும் சேரவில்லை. கம்பெனிகள் இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டு, உண்மையில் கூலியாக இருப்பதற்கெல்லாம் படி என்று பெயர் வைக்கின்றன. 2019 ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் இதற்கு ஓரளவு தடை வந்திருக்கிறது. ஊதியத்தில் சேராத இத்தகைய படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்கிறது அந்த விளக்கம். 2025 நவம்பரில், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்திருப்பதால், புதிதாகச் சேருகிறவர்கள் சம்பளச் சீட்டை இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

இனித் தம்பியின் கேள்விகளுக்கு வருகிறேன். சேதத்துக்காகவோ இழப்புக்காகவோ சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்த இழப்பு தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ நேர்ந்தது என்று காட்ட வேண்டும். பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். பொதுவாக எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தக் காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 1936 ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. இலக்கை எட்டவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை தருவது ஒரு வகை, எட்டாததற்கு அடிப்படைச் சம்பளத்தில் கை வைப்பது வேறு வகை. முன்னதைக் கம்பெனி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பின்னதற்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஐம்பதாயிரம் ரூபாய் ஒப்பந்தத்தைப் பற்றி: 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74 ஆவது பிரிவின்படி, தாளில் எழுதிய தொகை மேல்வரம்புதான். அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். சம்பளம் தராமல், 200 ரூபாய் சாப்பாட்டுக் காசு கொடுத்து, கம்பெனியின் சரக்கோடு ஓடிய ஒரு நடையை 50,000 ரூபாய் பயிற்சி என்று நிரூபிப்பது எளிதல்ல. அந்தப் பன்னிரண்டு நாட்களிலும் இரவில் நீங்கள் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். பயிற்சி என்று பெயரிட்டதால் மட்டும் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது, ஊதியம் கேட்க உங்களுக்கு இடமுண்டு.

அசல் உரிமத்தைத் திரும்பக் கேளுங்கள். டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் உள்ள நகல் வழியில் காட்டினால் செல்லும் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லி அவர்கள் அசலை வைத்துக்கொள்ள முடியாது.

மூன்று வண்டிக்காரர்

சட்டம் தெரிந்தவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஓட்டுநர் பள்ளிகள் ஒழுங்காகக் கற்பித்தால் நாங்கள் ஏன் பயிற்சிச் செலவைப் பற்றிப் பேசப்போகிறோம்? விதிப்படி போக்குவரத்து வாகனத்துக்கு 30 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களில் பலர் ஐந்து மணி நேரம்கூட ஓட்டியதில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

முன்னாள் கிளீனர்

அந்த 15 மணி நேரமும் காலி வண்டியில்தானே ஓடுகிறது? பழைய ஆறு சக்கர வண்டி, பின்னால் பாரம் கிடையாது, ஊருக்கு வெளியே சமதளச் சாலை. பாரம் ஏற்றிய வண்டி எங்கே நிற்கும் என்பதைக் காலி வண்டியில் எப்படிக் கற்க முடியும்? 2021 இல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதியில் கனரக வாகனத்துக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள், அது எவ்வளவோ மேல். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இருக்கிறது, நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம் இருக்கிறது. என் தங்கை மகனை நான் அப்படி ஓர் இடத்துக்குத்தான் அனுப்பினேன். ஆனால் அங்கே படித்து வந்தவனுக்கும் கம்பெனியில் அதே 4 கிலோமீட்டர் இலக்கும், அதே நியூட்ரல் குருவும்தான் கிடைத்தார்கள். கற்றுக்கொண்டு வந்ததை மூன்றே நடையில் மறக்கவைத்துவிட்டார்கள். இலக்கு வைத்த விதமே ஒரு பயிற்சிதான் ஐயா. அது தினமும் நடக்கிறது, கம்பெனி காசு கொடுத்து நடத்துகிறது.

மூன்று வண்டிக்காரர்

இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. என் வண்டிகளுக்கும் 4 தான் வைத்திருக்கிறேன்.

ராசிபுரத்துப் புதியவர்

எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். இடையில் ஒரு நடை போய்வந்துவிட்டேன்.

கண்டாலாவிலும் தொப்பூரிலும் கியரில்தான் இறக்கினேன். தொப்பூரில் டோல்கேட்டைத் தாண்டியதும் இடது ஓரத்துக்கு வந்து, மூன்றாவது கியருக்கு இறக்கி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டேன். அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதையே புறப்படும் முன்புதான் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எஞ்சின் உறுமிய உறுமலில் ஏதோ உடையப்போகிறது என்று முதலில் பயமாக இருந்தது. பின்னால் வந்த இரண்டு வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன, அவற்றில் ஒன்று எங்கள் கம்பெனி வண்டி. இரட்டைப் பாலம் வரை பிரேக் பெடலை நான்கைந்து முறைதான் தொட்டிருப்பேன். கீழே வந்து நிறுத்தி டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. சென்ற முறை அதே இடத்தில் நிறுத்தியபோது, பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்குச் சூடும் வாடையும் இருந்தன.

மைலேஜ் 3.8 வந்தது. நியூட்ரல் தட்டிய நடையைவிட அது குறையவில்லை என்பதைப் பட்டறை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். எடைமேடைச் சீட்டுகளைக் காட்டி மேலாளரிடம் பேசினேன். போகும்போது 23 டன், வரும்போது 24 டன். அந்த 4 கிலோமீட்டர் இலக்கு, முன்பு பஞ்சுப் பொதி ஏற்றி ஓடிய காலத்தில் வைத்ததாம். பஞ்சில் வண்டி நிறையும், எடை ஏறாது. 20 டன்னுக்கு மேல் ஏற்றினால் இனி 3.7 என்று எழுதித் தர ஒப்புக்கொண்டார். உரிமத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே பிடித்த 4,400 ரூபாயையும் பயிற்சி நாட்களின் சம்பளத்தையும் பற்றிக் கேட்டபோது, முதலாளி ஊரில் இல்லை என்றார்.

வியாழக்கிழமை மறுபடியும் லோடு. இந்த முறை என்னோடு ஒரு புதிய பையனை அனுப்புகிறார்கள், அவனுக்கும் பன்னிரண்டு நாள்தான். நானே நான்கு மாதத்துக்காரன், நான் எப்படிக் கற்பிப்பது என்று கேட்டதற்கு மேலாளர் சிரித்தார்.

முன்னாள் கிளீனர்

பையனைக் கண்டாலாவில் தூங்கவிடாதீர்கள், தம்பி. பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் கியரை இறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றழுத்த முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். தார்ப்பாயையும் அவனையே கட்டவிடுங்கள். தவறாகக் கட்டினால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள், நீங்கள் கட்டிவிடாதீர்கள்.

மூன்று வண்டிக்காரர்

புறப்படும் முன் அந்த 3.7 ஐ எழுத்தில் வாங்கிவிட்டீர்களா?